கைவிளக்கேந்திய காரிகை கற்றுத் தந்த பாடம்



கையில் ஒரு விளக்கோடு, வரிசையாகப் படுத்துக் கிடக்கும் நோயாளிகளின் நடுவே நடந்து போகும் ஒரு பெண்மணியின் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். அவர்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கைவிளக்கேந்திய காரிகை என்று உலகம் அவரைப் போற்றுகிறது. அன்பு, கருணை, தியாகம் என்று மேடையில் பேச ஆரம்பித்தால் அவர் பெயரைச் சொல்லாதவர் கிடையாது.

ஆனால் அந்த அம்மையாரின் வாழ்க்கையை முழுதும் படித்துப் பார்த்தால் இன்னொரு பாடம் தெரிகிறது. அன்பு மட்டும் இருந்தால் நோயாளி பிழைத்துவிடுவதில்லை. அன்போடு படிப்பும் பயிற்சியும் சேர வேண்டும். இதை அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்கவில்லை. ஆயிரக்கணக்கான பேர் கண்முன்னே செத்து விழுவதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

செல்வ வீட்டுப் பிள்ளை

பிளாரன்ஸ் அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஆங்கிலேயரான தாய் தகப்பனார் அங்கே சுற்றுப்பயணம் போயிருந்த சமயம் அது. பிறந்த ஊரின் பெயரையே பிள்ளைக்கும் வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் அவர்களுக்கு இரண்டு பெரிய மாளிகைகள். வேலைக்காரர், குதிரை வண்டி, விருந்து என்று எதற்கும் குறைச்சல் கிடையாது.

தகப்பனார் வில்லியம் நைட்டிங்கேல் நன்கு படித்த மனிதர். பெண்பிள்ளைக்குத் தையலும் பாட்டும் போதும் என்று ஊரார் நினைத்திருந்த காலத்தில், அவர் தம் இரண்டு மகள்களுக்கும் லத்தீன், கிரேக்கம், வரலாறு எல்லாம் தாமே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். இளையவளான பிளாரன்ஸுக்குக் கணக்கு என்றால் உயிர். அந்தக் கணக்கு பின்னாளில் எத்தனை உயிர்களுக்கு உதவியது என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

1837-ஆம் ஆண்டு, அவருக்கு 16 வயது. கடவுள் தம்மை ஏதோ ஒரு தொண்டுக்கு அழைப்பதாக அவர் மனத்தில் உணர்ந்தார். என்ன தொண்டு என்று அப்போது விளங்கவில்லை. சுற்றுப்புறத்துக் குடிசைகளில் நோயாய்க் கிடந்த ஏழைகளைப் போய்ப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான், நோயாளிகளைக் கவனிப்பதே தம் வழி என்று தெளிந்தார்.

1845-ஆம் ஆண்டு அவர் தம் ஆசையை வீட்டில் சொன்னார். சால்ஸ்பரி என்ற ஊரின் மருத்துவமனையில் சில மாதம் தங்கி வேலை பழக வேண்டும் என்று கேட்டார். வீட்டில் இடி விழுந்தது போல் ஆயிற்று. தாயார் அழுதார், அக்காள் கத்தினார். தகப்பனாரும் முடியாது என்று சொல்லிவிட்டார்.

பெற்றோரை நாம் குறை சொல்லிவிட முடியாது. அன்றைய மருத்துவமனை இன்றைய மருத்துவமனை போல் அல்ல. வசதியுள்ளவர்கள் வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக் கொண்டார்கள். போக்கிடம் இல்லாத ஏழைகள்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். உள்ளே அழுக்கு, துர்நாற்றம், நெரிசல். அங்கே வேலை பார்த்த பெண்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குடிப்பழக்கம் உள்ளவர்கள் என்ற கெட்ட பெயரும் அவர்களுக்கு இருந்தது. அப்படிப்பட்ட இடத்துக்கு எந்தத் தாய் மனம் ஒப்பி மகளை அனுப்புவாள்?

பிளாரன்ஸ் சண்டை போட்டுக்கொண்டு ஓடிப் போகவில்லை. பொழுது விடியுமுன் எழுந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், மருத்துவமனைகளைப் பற்றிய அரசாங்க அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்தார். பிறகு எல்லாரோடும் காலைச் சாப்பாட்டுக்கு வந்து உட்காருவார். இப்படியே வருடங்கள் ஓடின. நல்ல இடத்திலிருந்து வந்த திருமண சம்பந்தத்தையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசியில் 1851-ஆம் ஆண்டு, ஜெர்மனி நாட்டில் கைசர்ஸ்வெர்த் என்ற இடத்தில், ஒரு பாதிரியார் நடத்திய மருத்துவமனையில் மூன்று மாதம் பயிற்சி பெற அனுமதி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 31. ஆசையைச் சொன்ன நாளிலிருந்து ஆறு வருடக் காத்திருப்பு அது.

1853-ஆம் ஆண்டு லண்டனில், நோயுற்ற பெண்களுக்கான ஒரு சிறு மருத்துவமனைக்குத் தலைவியானார். முன்பு மறுத்த அதே தகப்பனார், மகள் தனித்து நிற்க வருடத்துக்கு 500 பவுன் கொடுத்து உதவினார். பெற்ற மனம் கடைசியில் இளகத்தானே செய்யும்!

போர்க்களத்து மருத்துவமனை

1854-ஆம் ஆண்டு ரஷ்யாவை எதிர்த்து இங்கிலாந்தும் பிரான்சும் துருக்கியும் கிரிமியாவில் போர் செய்தன. காயம்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களைக் கப்பலில் ஏற்றி, கருங்கடலைத் தாண்டி, ஸ்குட்டாரிக்குக் கொண்டு வந்தார்கள். இன்றைய இஸ்தான்புல் நகரின் ஒரு பகுதிதான் அது. அங்கே ஒரு பெரிய படைவீட்டை மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். கவனிப்பார் இன்றிச் சிப்பாய்கள் சாவதைப் பத்திரிகைகள் எழுதின. மக்கள் கொதித்தார்கள். அமைச்சராக இருந்த சிட்னி ஹெர்பர்ட் என்பவர் அம்மையாரின் உதவியை நாடினார். 38 பெண்களை அழைத்துக்கொண்டு அம்மையார் அக்டோபர் 21-ஆம் நாள் புறப்பட்டார். நவம்பர் 4-ஆம் நாள் போய்ச் சேர்ந்தார்.

போன உடனே வரவேற்பு ஒன்றும் இல்லை. ராணுவ வைத்தியர்கள் பெண்களை உள்ளே விட விரும்பவில்லை. அம்மையார் முறைத்துக்கொள்ளவில்லை. வைத்தியர்கள் கூப்பிடும்வரை எந்தச் சிப்பாயையும் தொடக்கூடாது என்று தம் பெண்களுக்குக் கட்டளையிட்டார். இரண்டொரு நாளில் இன்கர்மன் போரில் காயம்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். வேறு வழியில்லாமல் வைத்தியர்களே வந்து கூப்பிட்டார்கள்.

அங்கே கண்ட நோயாளிகளின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒரு சிப்பாய்க்குக் காலில் குண்டுக் காயம். அதோடு அவனுக்குச் சீதபேதி. பச்சைக் காய்கறி இல்லாமல் பல் ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது. குளிரில் விரல்கள் மரத்துக் கறுத்துப் போயின. பேனும் அழுக்கும் உடம்பெல்லாம். இத்தனைக்கும் மேலே வீட்டு நினைவு வேறு. வைத்தியர் வந்து காலைப் பார்த்து, கட்டு மாற்றச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மீதியை யார் பார்ப்பது? ஒரே உடம்பில் ஐந்து நோய் இருந்தால், ஒன்றை மட்டும் பார்த்தால் மற்ற நான்கும் ஆளைக் கொன்றுவிடும்.

அம்மையார் தரையைத் தேய்த்துக் கழுவச் செய்தார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கொப்பரையில் வெந்நீர் காய்ச்சி, சிப்பாய்களின் மனைவிமாரைக் கொண்டு துணி துவைக்க வைத்தார். கட்டிச் சோறு தின்ன முடியாதவர்களுக்குக் கஞ்சியும் சூப்பும் தனி அடுப்பில் வேக வைத்தார். சாகக் கிடந்தவர்களின் வீட்டுக்குத் தம் கையால் கடிதம் எழுதினார். சிப்பாய்கள் சம்பளத்தைக் குடித்து அழிக்காமல் குடும்பத்துக்கு அனுப்ப வழி செய்தார். இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்த்தார். படங்களில் வரைவது போன்ற கிண்ண விளக்கு அல்ல அது. மடிப்பு மடிப்பாகச் சுருங்கி விரியும் துருக்கி நாட்டுக் கூண்டு விளக்கு.

கணக்குச் சொன்ன உண்மை

இவ்வளவு பாடுபட்டும் என்ன நடந்தது தெரியுமா? சாவு குறையவில்லை, கூடியது! அந்த முதல் குளிர்காலத்தில் மட்டும் ஸ்குட்டாரியில் 4,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 1855 பிப்ரவரியில் மரண விகிதம் நூற்றுக்கு 42 ஆயிற்று. பெரும்பாலானவர்கள் காயத்தால் சாகவில்லை. பேதியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள்.

மார்ச் மாதம் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு ஒன்று வந்தது. கட்டடத்தின் அடியில் தோண்டிப் பார்த்தார்கள். மலக்கழிவு ஓடும் சாக்கடைகள் அடைத்துக்கொண்டு, அதன் நாற்றம் சுவர் வழியே மேலே வந்துகொண்டிருந்தது. குடிதண்ணீர் வரும் வாய்க்காலிலே ஒரு குதிரை செத்துக் கிடந்தது! குழுவினர் சாக்கடையைக் கழுவி விட்டார்கள், தண்ணீர் வழியைச் சுத்தம் செய்தார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதத்தில் மரண விகிதம் நூற்றுக்கு 2 ஆக இறங்கியது.

அம்மையாருக்கு அப்போது இதன் முழுப் பொருளும் விளங்கவில்லை. சத்துணவு குறைவு, சாமான் பற்றாக்குறை, காலம் கடந்து கொண்டு வந்தது இவைதான் காரணம் என்றே எண்ணியிருந்தார். 1856 ஆகஸ்டில், ஆரவாரமான வரவேற்பெல்லாம் வேண்டாமென்று வேறு பெயரில் சத்தமில்லாமல் ஊர் திரும்பினார். பிறகு புள்ளிவிவரத்தில் வல்லவரான வில்லியம் பார் என்பவரோடு உட்கார்ந்து மாதாமாதம் இறந்தவர் கணக்கை எடுத்தார். கணக்கு பொய் சொல்லுமா? தாம் இரவு பகல் பாராமல் காத்த கூடத்திலேயே, தடுத்திருக்கக் கூடிய நோயால் அத்தனை பேர் இறந்தார்கள் என்ற உண்மை முகத்தில் அறைந்தது.

வேறொருவராக இருந்தால் மூடி மறைத்திருப்பார். நாடே அவரைத் தெய்வமாகக் கொண்டாடிய நேரம் அது. அம்மையாரோ அந்தக் கணக்கை எல்லாருக்கும் விளங்கும்படி வண்ணப் படமாக வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்தார். ராணுவ மருத்துவமனைகளையும் படைவீடுகளையும் சீர்திருத்த வேண்டும் என்று வாதாடினார். 1858-ஆம் ஆண்டு லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக் கொள்ளப்பட்டார்.

தாதியர் பள்ளி

போர் நடந்துகொண்டிருந்தபோதே, அம்மையாரின் பெயரால் ஒரு நிதி திரட்டினார்கள். சாதாரணச் சிப்பாய்கள்கூட ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்தார்கள். மொத்தம் 44,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தில் அம்மையார் தமக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. 1860-ஆம் ஆண்டு லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. முதல் அணியில் 15 பெண்கள். 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், நற்சான்று வேண்டும். பயிற்சி ஒரு வருடம். தங்க இடம், சாப்பாடு, சீருடை எல்லாம் பள்ளியே கொடுத்தது. கைச்செலவுக்குப் பத்துப் பவுனும் உண்டு. ஏழைப் பெண்ணும் படிக்கலாம் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? புண்ணுக்குக் கட்டுப்போடுவது, படுத்த படுக்கையாக இருப்பவரை வலிக்காமல் திருப்புவது, படுக்கைப்புண் வராமல் காப்பது, பத்தியச் சமையல், பாத்திரங்களின் சுத்தம், கூடத்தில் நல்ல காற்று இருக்கச் செய்வது, அறுவைச் சிகிச்சையில் உடன் நிற்பது. இவற்றோடு நோயாளியைக் கூர்ந்து கவனித்துச் சொல்வது ஒரு தனிப் பாடம். நேரம் தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம் என்று நடத்தைக்கும் மாதாமாதம் மதிப்பெண் போட்டார்கள். ஒவ்வொரு மாணவியும் நாட்குறிப்பு எழுத வேண்டும்.

கூர்ந்து கவனிப்பது என்றால் சும்மா பார்ப்பது அல்ல. ராத்திரி நன்றாகத் தூங்கினாரா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். அதில் என்ன தெரியும்? எத்தனை மணிக்குக் கண் மூடினார், எத்தனை தடவை விழித்தார் என்று கேட்க வேண்டும். சாப்பிட்டாரா என்பது கேள்வியல்ல. எந்த வேளையில் எவ்வளவு உள்ளே போனது, தட்டில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும். நாடி, மூச்சு, தோலின் நிறம், பேச்சில் தளர்ச்சி, முகத்தில் கவலை எல்லாம் தாதியின் கண்ணில் பட வேண்டும். வைத்தியர் ஒரு நாளில் சில நிமிடம்தான் நோயாளியோடு இருக்கிறார். மீதி நேரம் முழுதும் இருப்பவள் தாதி. அவள் கண் பழகாத கண்ணாக இருந்தால், ஒரே உடம்பில் சேர்ந்து வரும் பல நோய்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுப் பார்க்க ஆளே இல்லாமல் போய்விடும். தாம் போன பிறகும் வேலை தவறாமல் நடக்க, அடுத்து வருபவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பதும் அவர் வற்புறுத்திய பாடம்.

பள்ளி உடனே சரியாக நடந்துவிடவில்லை. பத்து வருடத்துக்குப் பிறகு அம்மையார் நேரில் விசாரித்தபோது, விரிவுரைகள் ஒழுங்காக நடக்கவில்லை, மாணவிகளை வேலைக்காரிகளாகவே பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தது. மனம் உடைந்து உட்கார்ந்துவிடாமல், பாடம் நடத்த வேறு வைத்தியரை ஏற்பாடு செய்தார். மாணவிகளின் படிப்பைக் கவனிக்க விடுதியில் ஒரு தலைவியை அமர்த்தினார். மாணவிகளைத் தம் வீட்டுக்கு அழைத்துப் பேசி, அவர்களின் நாட்குறிப்புகளைத் தாமே படித்தார்.

அந்தப் பயிற்சியின் பலன் லிவர்பூல் நகரில் தெரிந்தது. அங்கே ஓர் ஏழையர் விடுதியின் மருத்துவமனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் கிடந்தார்கள். கிழவர், கிழவி, நாட்பட்ட இருமல்காரர், குடியால் கெட்டவர், கேட்பாரற்றவர். படிப்பறிவில்லாத விடுதிப் பெண்கள்தான் அவர்களைக் கவனித்து வந்தார்கள். அம்மையாரின் பள்ளியில் பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ் என்பவர் 1865-ஆம் ஆண்டு 12 தாதியரோடு அங்கே போனார். பயிற்சி பெற்ற தாதியர் ஏழைகளின் விடுதிக்குள் காலெடுத்து வைத்தது அதுவே தொடக்கம். மூன்று வருடம் உழைத்துக் கூடத்தையே மாற்றிக் காட்டிய ஆக்னஸ், 1868-ஆம் ஆண்டு டைபஸ் காய்ச்சல் கண்டு 35 வயதிலேயே மறைந்தார். செயின்ட் தாமஸ் பள்ளியின் தாதியர் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர்வரைக்கும் போய்த் தொண்டு செய்தார்கள்.

தாமே நோயாளியாய்

இன்னொன்று சொல்ல வேண்டும். இத்தனையும் செய்த அம்மையார் நல்ல உடல்நலத்தோடு செய்யவில்லை. 1855 மே மாதம் கிரிமியாவில் கடும் காய்ச்சல் கண்டு சாவின் விளிம்புக்குப் போய் வந்தார். அதற்குப் பிறகு அவர் உடம்பு சரியாகவே இல்லை. முதுகுவலி, நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று பல வருடங்கள் படுக்கையிலேயே கழிந்தன. காய்ச்சாத பாலின் வழியாகத் தொற்றும் புருசெல்லா என்ற கிருமியின் நோயாக இருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். பல நோய் சேர்ந்து வாட்டும் நோயாளியின் வேதனை அவருக்குக் கேள்விப்பட்ட சங்கதி அல்ல; அனுபவம். படுக்கையில் இருந்தபடியே ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதினார். இந்தியாவை நேரில் பார்க்காமலே, அங்குள்ள படைவீடுகளின் சுகாதாரம் பற்றி அறிக்கை தயாரித்தார்.

1907-ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் அவருக்கு மிக உயர்ந்த விருதான ஆர்டர் ஆப் மெரிட்டை வழங்கினார். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. அப்போது அவருக்குக் கண் பார்வை போயிருந்தது. 1910-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 13-ஆம் நாள், 90-ஆம் வயதில் காலமானார். அரசர்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யலாம் என்றார்கள். அவர் விருப்பப்படி குடும்பத்தார் அதை மறுத்து, சொந்த ஊர்ப்பக்கத்துச் சிறு கோயிலில் அடக்கம் செய்தார்கள். கல்லில் முழுப்பெயர்கூட இல்லை. பெயரின் முதல் எழுத்துகளும் பிறந்த, இறந்த நாட்களும் மட்டுமே. அவர் பிறந்த மே 12-ஆம் நாளை உலகம் இன்று அனைத்துலகத் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறது.

நமக்கு என்ன பாடம்?

பெற்றோர்களே! நம்ம வீடுகளையே பாருங்கள். ஒரு பாட்டிக்கு இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, கண் மங்கல், காலில் ஆறாத புண் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. காலுக்கு மருந்து போட்டால் மட்டும் போதுமா? சர்க்கரை ஏறினால் புண் ஆறாது. கண் தெரியாவிட்டால் மாத்திரை மாறிப்போகும். தனியாக இருந்தால் சாப்பாடே இறங்காது. இதையெல்லாம் ஒன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்தான் நல்ல தாதி. அதனால்தான் இன்று நம் நாட்டில் தாதியர் டிப்ளோமாவுக்கு மூன்று வருடம் படிக்க வேண்டியிருக்கிறது. பாதி வகுப்பறையில் என்றால் பாதி நோயாளியின் கட்டிலருகில்.

தோட்டத்து ஆஸ்பத்திரியையும் டிரெசரையும் அறிந்த பெரியவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் எத்தனை உயிர் தப்பும் என்பதை நீங்கள் பார்த்தவர்கள். உங்கள் மகளோ மகனோ தாதி வேலைக்குப் படிக்கிறேன் என்று சொன்னால், அடுத்தவர் மலஜலம் எடுக்கிற வேலையா என்று முகம் சுளிக்காதீர்கள். மாளிகையில் பிறந்த ஒரு பெண் ஆறு வருடம் காத்திருந்து கேட்டுப் பெற்ற வேலை அது.

மாணவச் செல்வங்களே! கணக்கும் அறிவியலும் எதற்கு என்று சலித்துக்கொள்ளும்போது, ஸ்குட்டாரியின் கணக்கை நினைத்துக் கொள்ளுங்கள். நூற்றுக்கு 42, நூற்றுக்கு 2. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருப்பவை எல்லாம் மனித உயிர்கள். தம் கூடத்தில் நடந்த தவற்றை மறைக்காமல் எண்ணிப் பார்த்து, அடுத்து வருபவர் அதைச் செய்யாதபடி பள்ளிக்கூடம் வைத்தாரே, அதுவே அம்மையார் ஏந்திய உண்மையான விளக்கு.

இன்று பரிசு பெறும் கைகளில் நாளை அந்த விளக்கும் ஏறட்டும்!

வாழ்க தாதியர் தொண்டு! வளர்க நம் தமிழ்ப்பள்ளி!